கப்பலை விட்டு இறங்கியபின் ரயிலா, பஸ்ஸா, காரா? ஐரோப்பாவில் பயணிக்கு உள்ள உரிமைகள்

டான்யூப் நதியில் ஓடும் சுற்றுலாக் கப்பல்கள் பலவும் ஜெர்மனியின் பாஸாவுக்கும் ஹங்கேரியின் புடாபெஸ்டுக்கும் நடுவில்தான் போய் வருகின்றன. கடைசி நாள் காலைச் சாப்பாடு முடிந்ததும் பெட்டியோடு கரையில் இறக்கிவிடுவார்கள். அப்புறம் வியன்னாவோ ப்ராகோ போக ரயில், பஸ், டிரைவரோடு கார் என்று மூன்று வழி. கட்டணத்தையும் நேரத்தையும் பார்க்கிறோம், சரி. வண்டி தாமதமானால் யார் பொறுப்பு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இதற்கு வண்டிக்கு வண்டி வேறு பதில் சொல்கிறது. பயணி எந்த நாட்டுக்காரர் என்று அது கேட்பதில்லை. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்கும் அதே உரிமைதான்.

இருப்பதிலேயே பிடிமானம் அதிகம் ரயிலில்தான். 2023 ஜூன் 7 முதல் நடப்பில் உள்ள 2021/782 என்ற விதிமுறைப்படி, போய்ச் சேர 60 முதல் 119 நிமிடம் தாமதமானால் டிக்கெட் விலையில் 25 சதவீதம் இழப்பீடு. 120 நிமிடமோ அதற்கு மேலோ ஆனால் 50 சதவீதம். 40 யூரோ டிக்கெட்டுக்கு ஒன்றேகால் மணி நேரத் தாமதம் என்றால் 10 யூரோ வரும். வவுச்சர் நீட்டினால், பணமாகவே கொடுங்கள் என்று கேட்கலாம். கடும் புயல், பெருவெள்ளம், தண்டவாளத்தில் யாரோ நுழைந்தது போன்ற காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. ரயில் ஊழியர்களின் வேலைநிறுத்தம் இந்த விலக்கில் வராது.

இழப்பீட்டை விடப் பயனுள்ள உரிமை ஒன்று உண்டு. 60 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால், முழுப் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வதா, வேறு வழியில் அனுப்பச் சொல்வதா என்பது உங்கள் முடிவு. ரயில் புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து 100 நிமிடத்துக்குள் மாற்று வழியைச் சொல்லவில்லை என்றால், நீங்களே வேறு ரயிலிலோ பஸ்ஸிலோ டிக்கெட் வாங்கிப் போய், நியாயமான செலவைக் கேட்டு வாங்கலாம். டாக்ஸி இந்தக் கணக்கில் வராது.

டிக்கெட் எப்படி வாங்கினீர்கள் என்பதும் முக்கியம். நடுவில் ரயில் மாற வேண்டியிருந்தால், முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். முதல் ரயில் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், கடைசி ஊருக்குப் போய்ச் சேரும் நேரத்தை வைத்தே தாமதம் கணக்கிடப்படும். மலிவாக இருக்கிறதே என்று தனித்தனியாக வாங்கினால், தவறிய இரண்டாவது ரயில் உங்கள் தலையில்தான்.

கப்பலே தாமதமானால்? ஆற்றில் தண்ணீர் குறைந்தாலும் கூடினாலும் கப்பல் நடுவழியில் நிற்பது உண்டு. சில சமயம் மீதித் தூரத்துக்குப் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். அதனால் உங்கள் ரயில் தவறினால் ரயில் நிறுவனம் ஒரு காசு தரத் தேவையில்லை. ஆஸ்திரிய ரயில்வேயின் 'ஷ்பார்ஷீனெ' போன்ற சலுகை டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். இறங்கும் நாளன்று காலை ரயிலுக்கு அப்படிப்பட்ட டிக்கெட் எடுப்பதை நான் தவிர்ப்பேன். புடாபெஸ்டிலிருந்து வியன்னாவுக்கு ரயில்ஜெட் என்ற விரைவு ரயில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. மதிய ரயிலில் ஏறினாலும் மாலைக்குள் ஊர் சுற்றலாம்.

பஸ் உரிமைகள் 181/2011 விதிமுறையில் உள்ளன. முக்கியமானவை 250 கிலோமீட்டரோ அதற்கு மேலோ ஓடும் சேவைகளுக்கு மட்டும். நீங்கள் போகும் தூரத்தை அல்ல, பஸ்ஸின் முழு வழித்தடத்தைப் பார்க்க வேண்டும். பஸ் ரத்தானாலோ புறப்பட 120 நிமிடத்துக்கு மேல் தாமதமானாலோ பணமா, மாற்றுப் பயணமா என்று கேட்கலாம். அந்த வாய்ப்பையே தராவிட்டால் டிக்கெட் பணத்தோடு 50 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். ஆனால் நேரத்துக்குக் கிளம்பிய பஸ் நெரிசலில் சிக்கி மூன்று மணி நேரம் பிந்திப் போனால் இந்தச் சட்டத்தில் இழப்பீடு இல்லை. மலிவு டிக்கெட்டின் மறுபக்கம் இதுதான்.

காருக்கு இப்படி எந்தப் பட்டியலும் இல்லை; ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் உரிமை. கப்பல் பிந்தினால் டிரைவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார், காத்திருப்புக்குத் தனிக் கட்டணமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கப்பல் நிறுவனமே காரையும் ஒரே தொகுப்பாக விற்றிருந்தால் நிலைமை மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் தொகுப்புச் சுற்றுலாக்களுக்கான 2015/2302 சட்டப்படி, தொகுப்பில் உள்ள எல்லாவற்றுக்கும் அதன் ஏற்பாட்டாளரே பொறுப்பு. விலை கொஞ்சம் கூடினாலும், வயதானவர்களோடு போனால் நான் இதைத்தான் எடுப்பேன்.

வயதால் நடக்கச் சிரமப்படுபவருக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறி இறங்க இலவச உதவி உண்டு. ரயிலுக்குப் பொதுவாக 24 மணி நேரம், பஸ்ஸுக்கு 36 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும்.

டிக்கெட்டையும், தாமத அறிவிப்புப் பலகையின் படத்தையும், சாப்பாட்டு ரசீதையும் எடுத்து வையுங்கள். கோரிக்கையை வண்டியை ஓட்டிய நிறுவனத்துக்கு மூன்று மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள். ரயில் என்றால், கேட்ட ஒரு மாதத்துக்குள் இழப்பீட்டைத் தர வேண்டும்.