புள்ளி கிடைக்காத மீன்: ஐனு மொழியின் ‘செப்’

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் வாழும் ஐனு மக்களின் மொழியில் மீனுக்குச் ‘செப்’ என்று பெயர். இதன் சகரம் ‘சென்னை’யில் வருவது, ‘சாப்பாடு’ சகரம் அல்ல. ‘அப்பா’ என்று சொல்லத் தொடங்கி, உதடு மூடியதும் அப்படியே நிறுத்திப் பாருங்கள். அதுதான் இச்சொல்லின் கடைசி ஒலி. காற்று வெடித்து வெளியே வராது.

இத்தனை சிறிய சொல்லுக்குள் மூன்று உறுப்புகள் இருக்கின்றன என்பதே பரவலான விளக்கம்: சி + எ + ப். ‘எ’ என்றால் உண். ‘ப்’ வினையைப் பெயராக்கும் விகுதி, நம் ‘உண்பது’ என்பதில் ‘அது’ செய்யும் வேலை. உயிரில் முடியும் சொல்லோடு அது ‘ப்’ ஆகவும், மெய்யில் முடியும் சொல்லோடு ‘பே’ ஆகவும் சேரும். ‘பிர்கா’ (நல்ல) பிர்காப் ஆகி ‘நல்லது’ என்று பொருள்படும். ‘ரெதார்’ (வெண்மையான) ரெதார்பே ஆகும்.

‘சி’தான் சுவையான உறுப்பு. இது தன்மைப் பன்மை. அதிலும் கேட்பவரைச் சேர்க்காத பன்மை. கேட்பவரையும் சேர்த்துச் சொல்ல ஐனுவில் ‘அ’ என்ற வேறொரு முன்னொட்டு உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம்: செப் என்பது ‘நாம் உண்பது’ அல்ல, ‘நாங்கள் உண்பது’. இந்தச் ‘சி’ செயப்பாட்டுப் பொருள் தருவது, ஆகவே ‘உண்ணப்படுவது’ என்றே கொள்ள வேண்டும் என்ற விளக்கமும் உண்டு. எப்படியானாலும் உணவும் மீனும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இலையுதிர் காலத்தில் ஆற்றில் எதிர்நீச்சலிட்டு வரும் சால்மன் மீனுக்கோ ‘கமுய்’ (தெய்வம்) என்ற அடைமொழியும் சேர்ந்து கமுய்ச்செப் என்று பெயர்.

இனி எழுத்து. ரோமன் எழுத்தில் சிக்கல் குறைவு: சி, ஈ, பி என மூன்றே எழுத்து. 1889-இல் வெளிவந்த, ஆங்கிலேய மதபோதகர் ஜான் பாச்சலரின் அகராதி ஆங்கில வழக்கப்படி ‘எச்’ என்ற எழுத்தையும் சேர்த்துக்கொண்டது. இன்றைய வழக்கில் அது இல்லை.

தொல்லை கடகனாவில்தான். அந்த ஜப்பானிய எழுத்துமுறையில் ‘ன்’ தவிர மற்றவை உயிரோ உயிர்மெய்யோதான். புள்ளி என்ற கருவியே கிடையாது. எனவே பகரமெய்க்குப் ‘பு’ போட்டு ‘செபு’ என்று எழுதிவிடுவார்கள். நாமும் யோக்கியமில்லை. சொல்லின் இறுதியில் வல்லின மெய் நிற்காது என்பது நம் மரபு; நம் வாயில் இது ‘செப்பு’ ஆகி, மீன் செம்பாகிவிடும்.

ஒட்டும் உகரம் பொருளையும் கெடுக்கும். ஐனுவில் சில பெயர்களின் ஈற்றில் உயிர் சேர்ந்தால் உடைமைப் பொருள் வந்துவிடும். ‘கப்’ என்றால் தோல். ‘கபு’ என்றால் அதன் தோல். ‘கோதன்’ ஊர், ‘கோதனு’ அவருடைய ஊர். இல்லாத உகரத்தைச் சேர்த்து எழுதினால் இலக்கணமே மாறிவிடுகிறது.

இதற்குக் கண்ட வழி, எழுத்தைச் சிறிதாக்குவது. சிறிய அளவில் எழுதிய ‘பு’வில் உகரம் இல்லை என்று பொருள். நம் புள்ளியின் வேலையை அங்கே எழுத்தின் அளவு செய்கிறது. ரகரமெய்க்கு மட்டும் முன்னுள்ள உயிரைப் பார்த்து ர, ரி, ரு, ரெ, ரொ ஐந்தில் ஒன்றைச் சிறிதாக்குவார்கள். சப்போரோ நகரில் 1982-இல் மீட்டெடுக்கப்பட்ட, புதுச் சால்மனை வரவேற்கும் சடங்கின் பெயர் ‘அசிர் செப் நோமி’ (புது மீன் வழிபாடு). அதில் ஒரு சிறிய ‘ரி’யும் ஒரு சிறிய ‘பு’வும் வேண்டும். இரண்டையும் முழு அளவில் அச்சிட்டால் ‘அசிரி செபு நோமி’ என்றாகிறது.

கணினியில் இன்னொரு சிக்கல். கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடு தரநிலை, 2002-இல் வந்த 3.2 பதிப்பில் இத்தகைய 16 சிறிய எழுத்துகளைச் சேர்த்தது. அவற்றில் சிறிய ‘பு’ இல்லை! 2000-ஆம் ஆண்டு ஜப்பானியத் தரநிலை அதை ஒற்றை எழுத்தாக வைத்திருந்தும், யூனிகோடில் சிறிய ‘ஃபு’வையும் மேலே வரும் வட்டக்குறியையும் அடுத்தடுத்து இட்டே அதைப் பெற வேண்டும். நம் ‘க்’ என்பதும் ககரம், புள்ளி என இரண்டு குறியீடுகள்தானே, அதே கதை. எழுத்துரு ஒத்துழைக்காவிட்டால் வட்டம் தனியே விலகி நிற்கும். பின்னழிப்பு விசையைத் தட்டினால் சில செயலிகளில் வட்டம் மட்டும் போய் ‘ஃபு’ மிஞ்சும். முழு அளவுப் ‘பு’வைக் கொண்டு தேடினால், சரியாக எழுதிய பக்கங்கள் அகப்படாமலே போகலாம்; ஆகவே இரு வடிவங்களிலும் தேடிப் பார்ப்பது நல்லது.

மிஞ்சும் அந்தச் சிறிய ‘ஃபு’ வீணான எழுத்தும் அல்ல. ஹொக்கைடோவுக்கு வடக்கே உள்ள சகாலின் தீவின் ஐனு வழக்கில் ஈற்றுப் பகரம் ஹகரமெய்யாக மாறிவிட்டது; அங்கே மீன் ‘செஹ்’. அந்த ஹகரமெய்க்கும் முன்னுள்ள உயிரைப் பார்த்து ஐந்து சிறிய எழுத்துகள். உகரத்துக்குப் பின் ‘ஃபு’ வரும். ‘செஹ்’ என்ற மீனுக்கோ சிறிய ‘ஹெ’.