புண்ணைக் காயவிடலாமா?

நெற்றிப்பொட்டில் இருக்கும் சின்னத் தோல் புற்றை எடுக்கப் போகும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “தைக்காமல், தானாக ஆற விடுவார்களாம். பெட்ரோலியம் ஜெல்லி தடவி மூடியே வைக்கச் சொல்கிறார் மருத்துவர். காற்றுப் பட்டால்தான் புண் ஆறும் என்கிறார்கள் வீட்டில். எது சரி?”

மருத்துவர் சொல்வதுதான் சரி.

முதலில் அறுவையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால், பேஸ்மேக்கர் இருந்தால், ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். புகைப்பதை நிறுத்துங்கள், நிகோடின் தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். இவரைப் போல் ஆறவிடாமல் தையல் போட்டுக்கொள்கிறவர்கள் அதன் நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. 1 செ.மீ. புற்றைச் சுற்றி 4 மி.மீ. நல்ல தோலையும் சேர்த்து எடுத்தால் அகலமே 1.8 செ.மீ. வட்டமாக வெட்டித் தைத்தால் இரண்டு முனையிலும் தோல் புடைத்து நிற்கும். அதனால் படகு வடிவில், அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளத்துக்கு வெட்டுவார்கள். தையல் 5 செ.மீ.யைத் தாண்டிவிடும்.

சரி, புண்ணுக்கு வருவோம். தோலின் மேலடுக்கில் இருக்கும் கெரட்டினோசைட் செல்கள் சாதாரணமாக இடம்விட்டு நகராதவை. பக்கத்துச் செல்லோடும் கீழே இருக்கும் தளத்தோடும் கொக்கி மாட்டியதுபோல் இறுகிக் கிடக்கும். காயம் பட்டதும் ஓரத்தில் இருப்பவை அந்தக் கொக்கிகளைக் கழற்றத் தொடங்குகின்றன. உடம்பைத் தட்டையாக்கி, முன்னால் மெல்லிய பாதம்போல் ஒன்றை நீட்டி, தரையைப் பற்றிக்கொண்டு தம்மை இழுத்து நகர்கின்றன. பின்வரிசைச் செல்கள் பிரிந்து பெருகி, புது ஆட்களை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் செல்லைத் தொட்டதும் நடை நின்றுவிடுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிக்காத காட்சி இது.

இந்த நடைக்கு ஈரத் தரை வேண்டும். காயவிட்டால் மேலே பொருக்குக் கட்டும். அதன் அடியில் உள்ள திசுவும் கொஞ்சம் வறண்டு சாகும். செல்கள் ஈரம் கிடைக்கும் ஆழத்துக்கு இறங்கி, குறுக்கே நிற்கும் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தை நொதியால் கரைத்துக் கரைத்து வழி உண்டாக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றித் தோலில் ஆழமில்லாத காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றில் விட்டார், சிலவற்றைப் பாலிதீன் படலத்தால் மூடினார். மூடியவற்றில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் புதுத் தோல் படர்ந்தது. ஒரு பாலிதீன் படலம், ஒரு நல்ல கேள்வி, அவ்வளவுதான். புது மருந்துகளுக்குப் போகும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கு இப்படிப்பட்ட கேள்விகளுக்கும் போக வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். 1996இல் வந்த ஒப்பீட்டு ஆய்வும் அந்த வகைதான்: சிறு தோல் அறுவைக்குப் பிறகு ஆன்டிபயாட்டிக் களிம்பு போட்டவர்களுக்கும் வெறும் பெட்ரோலியம் ஜெல்லி போட்டவர்களுக்கும் தொற்று விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

கட்டைப் பிரிக்கும்போது புண் சிவந்து, ஈரமாகப் பளபளக்கும். மேலே மஞ்சளாக ஒரு படலமும் இருக்கலாம். பலர் அதைச் சீழ் என்று நினைத்துச் சுரண்டிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் ஃபைப்ரின், அதாவது இரத்தம் உறையும்போது உண்டாகும் புரதம், ஆறும் புண்ணில் வருவதுதான். சிவப்பு சுற்றிலும் பரவினாலோ, வலி நாளுக்கு நாள் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை வைத்து 20 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், நடுவில் எடுத்துப் பார்க்காமல்.

புண் மூடச் சில வாரங்கள் ஆகும். அப்புறமும் உள்ளே கொலாஜன் இழைகளை மாற்றி அடுக்கும் வேலை மாதக்கணக்கில் ஓடும். அந்த இளஞ்சிவப்பு மறையும் வரை வெயிலில் போகும்போது அந்த இடத்தை மூடிக்கொள்ளுங்கள்.