பழைய லேப்டாப்ல கிராபிக்ஸ் கார்டு போச்சுன்னு சொன்னாங்களா? சூடு பண்ண குடுக்கறதுக்கு முன்னாடி இத படிங்க

போன மே மாசம், கத்திரி வெயில் நேரம், குடியாத்தத்துலருந்து ஒரு பொண்ணு அவங்க நைனாவ இட்டுக்கினு கடைக்கு வந்துச்சி. காலேஜ் கடைசி வருஷம், ப்ராஜெக்ட் குடுக்க பத்து நாள்தான் இருக்குது. லேப்டாப் 2012 மாடல், அண்ணன் வச்சிருந்து தங்கச்சிக்கு குடுத்தது. ஆன் பண்ணா விண்டோஸ் லோகோ வருது, வட்டம் சுத்துது, அப்பறம் நீல ஸ்க்ரீன், ரீஸ்டார்ட், திரும்பவும் அதேதான். ஏற்கெனவே ஒரு கடையில கிராபிக்ஸ் சிப் போயிடுச்சி, சிப் லெவல் வேலைன்னு சொல்லி 3500 ரூபா வாங்கியிருக்காங்க, 26 நாள் நல்லா ஓடிச்சாம். அவங்க நைனா என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "சரி பண்ணிட்டாங்கன்னு தானே தம்பி காசு குடுத்தோம், அப்பறம் எப்பிடி திரும்ப வந்துச்சி?"

அந்த கேள்விக்கு பதில் நெறைய பேருக்கு தெரியல, அதனாலதான் இத எழுதறேன்.

ஸ்க்ரீன்ல வர்ற படத்த வரையறது கிராபிக்ஸ் சிப்பு, அது ஒரே துண்டு கெடையாது. நடுவுல கண்ணாடி மாதிரி மின்னுற சிலிக்கான் சில்லு, அதுக்கு கீழ சின்ன பச்சை தகடு, அதுக்கும் கீழ மதர்போர்டு. சில்லையும் தகட்டையும் சேக்கறது கண்ணுக்கே தெரியாத ரொம்ப சின்ன சால்டர் புள்ளிங்க, அதாவது பத்தவைக்கற உலோகப்புள்ளிங்க, தகட்டையும் மதர்போர்டையும் சேக்கறது கொஞ்சம் பெரிய உருண்டைங்க. சூடானா சிலிக்கான் கொஞ்சமா விரியும், தகடு நெறைய விரியும், ஆறினா ரெண்டும் சுருங்கும். தினம் ஆன் ஆஃப், ஆன் ஆஃப்னு வருஷக்கணக்கா இப்பிடி இழுத்துக்கினே இருந்தா நடுவுல இருக்கற அந்த சின்ன புள்ளிங்கள்ல விரிசல் விடும். 2008 ஜூலைல என்விடியாவே அவங்க பழைய லேப்டாப் சிப்புங்கள்ல இந்த பேக்கேஜிங் பொருள் வீக்கா இருக்குதுன்னு ஒத்துக்கினு 150லருந்து 200 மில்லியன் டாலர் வரைக்கும் ஒதுக்கினாங்க. 2011 மேக்புக் ப்ரோல ஏஎம்டி கிராபிக்ஸ் போனதுக்கு ஆப்பிள் 2015ல இலவசமா சரி பண்ணி குடுத்தாங்க. அதனால சின்ன பசங்க கேம் ஆடி கெடுத்துட்டாங்கன்னு வீட்ல திட்டாதீங்க, நெறைய நேரம் சிப்பு பொறப்புலயே இருக்கற குறை அது.

இப்ப சூடு பண்றதுக்கு வர்றேன், அந்த கடையில சிப் லெவல் வேலைன்னு சொன்னது இதத்தான். ஹாட் ஏர் மெஷின வச்சி சிப்ப சூடு பண்ணா விரிசல் விட்ட புள்ளி விரிஞ்சி லேசா ஒட்டிக்கும், டிஸ்ப்ளே வந்துடும், கஸ்டமர் முன்னாடி ஆன் பண்ணி காட்டி காசு வாங்கிடலாம். ஆனா ஒட்டினது ஒட்டினது இல்ல, அதே இடத்துல மறுபடியும் விடும், ஒரு வாரமோ மூணு மாசமோ. ரீபாலிங்னு சொல்றாங்களே அதுல கூட மாத்தறது கீழ இருக்கற பெரிய உருண்டைங்கள மட்டும்தான், உள்ள சில்லுக்கு அடியில இருக்கற புள்ளிய யாராலயும் மாத்த முடியாது. நானும் ஆரம்பத்துல சூடு பண்ணி குடுத்திருக்கேன், திரும்பி வந்தவங்க மூஞ்ச பாத்துட்டு நிறுத்திட்டேன். உண்மையா சரி பண்ணணும்னா புது சிப்பு போடணும். மேல அச்சடிச்சிருக்கற நம்பர்ல தேதிக்குன்னு நாலு எண் இருக்கும், 1235ன்னா 2012ல 35வது வாரம் செஞ்சது, வேலைக்கு முன்னாடி ஒரு போட்டோ, வேலைக்கப்பறம் ஒரு போட்டோ கேளுங்க, ரெண்டுலயும் அதே எண்ணு இருந்தா பெரும்பாலும் சிப்பு மாத்தலன்னு அர்த்தம்.

யூடியூப் பாத்துட்டு மதர்போர்ட கழட்டி வீட்டு அவன்ல வைக்கறாங்க, அத தயவு செஞ்சி பண்ணாதீங்க. ஈயம் இல்லாத சால்டர் உருகவே 217 டிகிரி வேணும், அதுக்குள்ள பிளாஸ்டிக் கனெக்டர் இளகிடும், போர்டுல மறந்து விட்ட பட்டன் செல் வெடிக்கும், அந்த புகை ஒட்டின அவன்ல அப்பறம் குழந்தைக்கு கேக் செய்வீங்களா?

சரி, கடைக்கு எடுத்துக்கினு போறதுக்கு முன்னாடி நீங்களே என்ன பாக்கலாம்? மொதல்ல டேட்டா. கிராபிக்ஸ் போனா ஃபைல் போகாது, அது ஹார்ட் டிஸ்க்ல பத்திரமா இருக்கும், கழட்டி ஒரு யுஎஸ்பி கேஸ்ல போட்டு வேற கம்ப்யூட்டர்ல சொருகினா வந்துடும். அந்த பொண்ணுக்கு நான் மொத மொதல்ல பண்ணி குடுத்தது இதுதான், ப்ராஜெக்ட் ஃபோல்டர பென்டிரைவ்ல பாத்த பிறகுதான் அது உக்காந்து தண்ணியே குடிச்சிச்சி.

அப்பறம் ஸ்க்ரீனா சிப்பான்னு பிரிச்சி பாக்கணும். சத்துவாச்சாரியிலருந்து ஒரு வாத்தியார் வந்தாரு, நெட்டுக்குத்தா கோடு கோடா வருது, மதர்போர்டு மாத்தணும்னு சொல்லிட்டாங்கன்னு. மூடிய லேசா ஆட்டினேன், கோடு மறைஞ்சிது, திரும்ப வந்துச்சி. கீல்கிட்ட டிஸ்ப்ளே கேபிள் நசுங்கியிருந்துச்சி, அவ்ளோதான். அதனால வீட்டு டிவியிலயோ மானிட்டர்லயோ எச்டிஎம்ஐ சொருகி பாருங்க, அதுல சுத்தமா வந்தா பெரும்பாலும் கேபிள் இல்லன்னா பேனல். டெல் லேப்டாப் வச்சிருக்கறவங்க கீபோர்டுல டி (D) பட்டன அழுத்திக்கினே பவர் போட்டா ஸ்க்ரீன் தானா செவப்பு, பச்ச, நீலம்னு மாறி மாறி வரும், அதுலயும் கோடு இருந்தா ஸ்க்ரீன் பக்கம்தான் கோளாறு. ஃபேன் ஓடுது ஆனா கருப்பாவே இருக்குதுன்னா ரேம கழட்டி தொடச்சி போட்டு பாருங்க, எத்தன தடவ அதுலயே முடிஞ்சிருக்குது.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். 2011க்கு அப்பறம் வந்த நெறைய லேப்டாப்ல கிராபிக்ஸ் ரெண்டு இருக்கும், ப்ராசசருக்குள்ளயே இன்டெல் ஒண்ணு, தனியா என்விடியாவோ ஏஎம்டியோ ஒண்ணு. இதுல பெரும்பாலான மாடல்ல ஸ்க்ரீன் நேரா இன்டெல்லுக்குதான் போகும், தனி சிப்பு வரைஞ்சத இன்டெல் வாங்கி காட்டும். அப்பிடின்னா தனி சிப்பு செத்தாலும் லேப்டாப் சாக வேண்டியதில்ல. அந்த பொண்ணு லேப்டாப் இந்த ரகம். நீல ஸ்க்ரீன்ல வீடியோ டிடிஆர் ஃபெய்லியர், 116ன்னு வந்துச்சி. சிப்பு ரெண்டு செகண்டு பதில் சொல்லலன்னா விண்டோஸ் அத ரீசெட் பண்ணி பாக்கும், அதுவும் ஆகலன்னா இந்த எர்ரர போட்டு நின்னுடும். சேஃப் மோட்ல போனேன், அங்க விண்டோஸ் சாதாரண டிரைவர்ல (டிரைவர்ன்றது கார்ட இயக்கற சாஃப்ட்வேர்) ஓடறதால கம்முனு ஓடிச்சி. டிவைஸ் மேனேஜர்ல தனி கார்ட டிசேபிள் பண்ணி நார்மலா ரீஸ்டார்ட் பண்ணேன், டெஸ்க்டாப் வந்துடுச்சி. பைசா செலவில்ல. கேம் ஓடாது, ஆனா அந்த பொண்ணு எழுதற ப்ரோக்ராமுக்கு இன்டெல்லே போதும்.

ஆனா உடனே சிப்பு செத்துச்சின்னு முடிவு கட்டாதீங்க, டிரைவராலயும் இதே 116 வரும். ஃபெர்மின்ற பழைய ரக கார்டுங்களுக்கு என்விடியா 2018ல புது டிரைவர் விடறத நிறுத்திட்டாங்க, கடைசி வெர்ஷன் 391.35. விண்டோஸ் அப்டேட் ஒத்து வராத டிரைவர போட்டு குழப்பும். டிடியுன்னு (DDU) ஒரு இலவச ப்ரோக்ராம் இருக்குது, சேஃப் மோட்ல அத ஓட்டி பழைய டிரைவர அடியோட எடுத்துட்டு கம்பெனி சைட்ல உங்க மாடலுக்கு இருக்கறத போடுங்க. நான் அந்த பொண்ணுதுல இதயும் பண்ணி பாத்தேன், கார்ட திரும்ப எனேபிள் பண்ணதும் டிவைஸ் மேனேஜர்ல கோட் 43, மஞ்ச முக்கோணம், கார்டுல கோளாறு, நிறுத்திட்டேன்னு விண்டோஸ் சொல்றது அது. அப்பதான் சிப்பு போச்சுன்னு எழுதி குடுத்தேன்.

எல்லாத்துக்கும் மேல சூடு. நம்ம வேலூர் வெயில்ல ரூமே 40 டிகிரி, 28 டிகிரி ரூம்ல 80ல ஓடற சிப்பு இங்க 90 தாண்டிடும். எச்டபிள்யூ மானிட்டர்னு (HWMonitor) சூட்ட காட்டற ப்ரோக்ராம் போட்டு பாருங்க, சும்மா இருக்கறப்பவே 70க்கு மேலன்னா திறந்து க்ளீன் பண்ணணும். சிப்பு சூட்ட ஹீட் சிங்க்ன்ற உலோகத்துக்கு கடத்தற தெர்மல் பேஸ்ட்ட மாத்தச் சொல்லுங்க, ஆனா தெர்மல் பேட்ன்ற மெத்தை மாதிரி துண்டு இருந்த இடத்துல பேஸ்ட தடவி விட்டுட போறாங்க, பேட் தடிமனுக்கு இருக்கற சந்த பேஸ்ட் நெரப்பாது, சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் ஒட்டே இருக்காது.

அந்த லேப்டாப்ப திறந்தேன். பேஸ்ட் காஞ்ச சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்துச்சி. ஃபேன கழட்டினா, அதுக்கும் ஹீட் சிங்க் செதிலுக்கும் நடுவுல ஒரு பட்டை, விரல் தடிமன், கம்பளி துண்டு மாதிரி முழுசா வந்துச்சி. சாதா தூசி சாம்பல் கலர்ல இருக்கும், இது நீலமும் பச்சையுமா இருந்துச்சி. மொதல்ல சூடு பண்ணவங்க இந்த பட்டைய எடுக்கக்கூட இல்ல, சிப்ப வாட்டிட்டு அப்பிடியே மூடியிருக்காங்க. அவங்க நைனா அத கையில வாங்கி பிச்சி பாத்தாரு. "இது நம்ம தறி நூலு தம்பி" ன்னாரு. லுங்கி தறி ஓடற அதே ரூம்லதான் பொண்ணு பாய் மேல லேப்டாப்ப வச்சி படிச்சிக்கினு இருந்துச்சாம், வீட்ல ஃபேன் இருக்கறது அந்த ஒரு ரூம்லதான்.

க்ளீன் பண்ணி பேஸ்ட் போட்டதுக்கு 400 ரூபா வாங்கினேன். இப்ப முன்னாடி ரூம்ல மரப்பலக மேல வச்சி ஓட்டறாங்க, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஆஃப் பண்ணிட்டு ஃபேன் சுத்தாம குச்சியால புடிச்சிக்கினு ப்ளோயர் அடிக்கச் சொல்லியிருக்கேன். ப்ராஜெக்ட் குடுத்துட்டேண்ணான்னு ஃபோன் பண்ணிச்சி.