‘பின்’ கேட்டால் குப்பைத்தொட்டி வருவது ஏன்?

“குண்டூசி வேண்டும் என்று ‘பின்’ கேட்டால், எங்கள் அமெரிக்க மேலாளர் குப்பைத்தொட்டியைக் காட்டுகிறார். என் நாக்கில் என்ன கோளாறு?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நாக்கில் ஒரு கோளாறும் இல்லை. வித்தியாசம் சில மில்லிநொடிகளில் இருக்கிறது.

பள்ளியில் மயங்கொலிச் சொற்கள் படித்திருப்போம்: அலை, அளை, அழை. ஆங்கில உச்சரிப்பு பழகவும் இதே உத்திதான். ஒரே ஒரு ஒலியில் மட்டும் வேறுபடும் இந்தச் சோடிகளை ‘மினிமல் பேர்’ என்பார்கள். குத்துகிற பின், குப்பை போடுகிற பின். உடுத்துகிற கோட், மேய்கிற கோட். தமிழில் எழுதினால் ஒன்றுதான். ஆங்கிலத்தில் முதல் ஒலி வேறு.

சரி, அந்த வேறுபாடு எங்கே பிறக்கிறது? உதடுகளை மூடி, காற்றைத் தேக்கி, சட்டென்று திறக்கிறோம். திறந்த பிறகு குரல்நாண்கள் அதிரத் தொடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. லீ லிஸ்கர், ஆர்தர் ஏப்ரம்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1964-இல் 11 மொழிகளில் இதை அளந்து வெளியிட்டார்கள். தமிழும் அவற்றில் ஒன்று! ‘பல்’ என்று நாம் சொல்லும்போது சுமார் 10 மில்லிநொடியிலேயே குரல் வந்துவிடுகிறது. அமெரிக்கரின் குண்டூசிப் பின்னிலோ சுமார் 60 ஆகிறது. அந்த இடைவெளியில் வெறும் காற்று புஸ்ஸென்று வெளியேறும். உதட்டருகே ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தால் அது துள்ளுவது கண்ணுக்கே தெரியும். அவர்களுடைய குப்பைத்தொட்டிப் பின்னில் காகிதம் அசையாது. குரல் பெரும்பாலும் உதடு திறந்த கையோடு வந்துவிடும். நம் ‘ப’ நேரே அங்கே போய் விழுகிறது.

நாம் ‘பல்’லையும் ‘பஸ்’ஸையும் பிரிப்பது உதடு திறக்கும் முன்பே குரல் தொடங்கியதா என்பதை வைத்து. அவர்கள் பிரிப்பது, திறந்த பிறகு காற்று வந்ததா என்பதை வைத்து. இதில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. பந்து சுழல்வதைச் சொல்லும் ‘ஸ்பின்’ என்ற சொல்லை அமெரிக்கர் ஒருவரைச் சொல்லவைத்துப் பதிவுசெய்து, முதலில் வரும் ‘ஸ்’ஸை மட்டும் வெட்டிவிட்டுப் போட்டுக்காட்டினால், அவர்கள் காதிலேயே அது குப்பைத்தொட்டியாகத்தான் விழும். ‘ஸ்’ஸுக்குப் பின்னால் அவர்களும் நம் ‘ப’வைத்தான் சொல்கிறார்கள்!

இன்னொரு விந்தை. உதடு திறப்பதற்கும் குரல் தொடங்குவதற்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கணினியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால், கேட்பவருக்கு ஒலி மெதுவாக மாறுவதாகத் தோன்றாது. சுமார் 25 மில்லிநொடி வரை ஒரு சொல், அதைத் தாண்டியதும் திடீரென்று வேறு சொல். கோடு காதில் இருக்கிறது.

அதனால்தான் வாய்க்கு முன் காதைப் பழக்க வேண்டும் என்கிறேன். ஆங்கிலத்தின் ‘ர’வும் ‘ல’வும் ஜப்பானியர்களுக்குப் பிரித்தறியக் கடினம். அப்படிப்பட்டவர்களுக்குச் சொற்சோடிகளைப் பலருடைய குரல்களில் ஒலிக்கவிட்டு, எது என்று கேட்டு, சரியா தவறா என்பதை உடனே சொன்னார்கள். பேச்சுப் பயிற்சி எதுவும் தரவில்லை. 1997-இல் வெளியான அந்த ஆய்வில், சில வாரங்களில் அவர்களுடைய உச்சரிப்பும் தெளிவடைந்திருந்தது. பல குரல்கள் என்பது முக்கியம். ஒரே குரலைக் கேட்டால் அந்த ஆளின் பேச்சுக்கு மட்டுமே காது பழகும்.

பேச்சு வரும் என்று குழந்தையின் நாக்கில் வசம்பு தேய்க்கிறோம். பெரியவர்களானதும் ‘நாக்கு தடிப்பு’ என்று சொல்லிச் சொல்லியே கூச வைக்கிறோம். இரண்டையும் விட்டுவிடலாம். நம் ஆங்கிலம் அமெரிக்கர் பேசுவது போல இருக்க வேண்டியதில்லை, புரிந்தால் போதும். தமிழ் பேசுபவர்கள் தடுமாறும் சோடிகளை நாலு பேர் குரலில் பதிந்து, அரசுப் பள்ளிகளுக்கு இலவசமாகத் தர ஆகும் செலவு சொற்பம். அதற்கு எந்தப் பல்கலைக்கழகமாவது பணம் ஒதுக்க வேண்டும்.

கேள்வி கேட்ட வாசகர் காகிதத் துண்டோடு இன்றே தொடங்கலாம். பின் சரியாக வந்ததும் கோட்டுக்கும் ஆட்டுக்கும் போங்கள். உடுத்துகிற கோட்டில் காற்று இன்னும் கொஞ்சம் நீள வேண்டும்.