சொகோத்ரா: ஏற ஏற மாறும் மரங்கள்

ஏமனுக்குச் சொந்தமான சொகோத்ரா தீவில் சைக்கிள் ஓட்டுவது சுகமான காரியம் இல்லை. நிழல் குறைவு, தார்ச் சாலையை விட்டு இறங்கினால் கூரான சுண்ணாம்புக் கற்கள், அப்புறம் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையாகக் கொட்டும் தென்மேற்குப் பருவக்காற்று, ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே பேயாக வீசும். முன்பெல்லாம் அந்த மாதங்களில் கப்பல்கள் இந்தப் பக்கமே வராது. பெரும்பாலானோர் அக்டோபருக்குப் பிறகுதான் போகிறார்கள்.

இருந்தாலும் இந்தத் தீவைப் புரிந்துகொள்ள சைக்கிள்தான் சரி என்பேன். ஹதிபோ ஊரிலிருந்து திக்சம் பீடபூமிக்கு ஜீப்பில் போனால் எந்த மரம் எங்கே முடிந்தது, எது எங்கே தொடங்கியது என்று கவனிக்க நேரம் இருக்காது. மூச்சு வாங்க மிதித்து ஏறுகிறவருக்கு அது தெரியும்.

கீழே வெயிலில் காயும் சரிவுகளில் இருப்பவை தண்ணீரை உடம்பிலேயே சேர்த்து வைப்பவை. நம் நர்சரிகளில் தொட்டியில் விற்கும் அடீனியத்தின் உறவு ஒன்று இங்கே பாறை இடுக்கில் பீப்பாய் பருமனில் நிற்கிறது. பக்கத்திலேயே வெள்ளரி மரம். வெள்ளரி, பூசணிக் குடும்பத்தில் மரமாக வளரும் இனம் இது ஒன்றுதான். பருத்த தண்டு முழுக்க ஈரம். பஞ்ச காலத்தில் அதை வெட்டி ஆடுமாடுகளுக்குத் தீனியாகப் போடுவார்கள்.

மேலே போனால் உத்தி மாறுகிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சரிவில் ஏறும்போது குளிர்ந்து மூடுபனியாகிறது. அந்தப் பனியை அறுவடை செய்வதுதான் டிராகன் ரத்த மரத்தின் வேலை. காற்றில் மேல்நோக்கி மடங்கிய குடை போன்ற அதன் உச்சியில் ஒடுக்கமான, விறைப்பான இலைகள் நெருக்கமாக நிற்கின்றன. அகலமான பரப்பு எதிர்ப்பட்டால் காற்று வளைந்து விலகும்; சிறு நீர்த்துளிகளும் அதோடு போய்விடும். ஒடுக்கமான இலை என்றால் காற்று விலகினாலும் துளிகளால் அவ்வளவு சட்டென்று திரும்ப முடியாது, மோதி ஒட்டிக்கொள்கின்றன. பிறகு இலையின் அடிக்கு வழிந்து, கிளை, தண்டு வழியாக வேருக்கு இறங்குகின்றன. அடர்ந்த நிழலில் மண் ஈரம் சீக்கிரம் காய்வதில்லை. அதனால் புதுக் கன்றுகளும் பெரிய மரங்களின் அடியில் நன்றாகப் பிழைக்கின்றன.

பட்டையைக் கீறினால் வரும் சிவப்புப் பிசின் சாயத்துக்கும் மருந்துக்கும் பேர் போனது. வயதை மட்டும் சொல்வது கஷ்டம். ஒருவித்திலைத் தாவரம் என்பதால் ஆண்டு வளையங்கள் கிடையாது. கிளை எத்தனை முறை பிரிந்திருக்கிறது என்று எண்ணித்தான் கணிக்கிறார்கள்.

இத்தனை விசித்திரத்துக்கும் காரணம் தனிமை. இது எரிமலைத் தீவு அல்ல. ஏடன் வளைகுடா திறந்தபோது, ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன், அரேபிய நிலப்பரப்பிலிருந்து பிரிந்த துண்டு. இங்குள்ள சுமார் 825 தாவர இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லை. யுனெஸ்கோ 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

2015 நவம்பரில் சபாலா, மேக் என இரண்டு புயல்கள் அடுத்தடுத்துத் தாக்கி ஏராளமான மரங்களைச் சாய்த்தன. ஒரு மரம் விழுந்தால் அது பிடித்துத் தந்த பனிநீரும் போகிறது, கன்றுக்கான நிழலும் போகிறது. தப்பி முளைப்பதை ஆடுகள் மேய்ந்துவிடுகின்றன. டிராகன் ரத்த மரங்கள் நிறைந்த ஃபிர்மிஹின் காட்டைச் சுற்றி வரும்போது இளங்கன்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஆடு ஏற முடியாத செங்குத்துப் பாறைகளிலோ, வேலி போட்ட நாற்றங்கால்களிலோதான் கண்ணில் படும்.