சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் பெயிண்ட் சுரண்டாதீர்கள்

குழந்தைக்கு வயிற்றுவலி, மலச்சிக்கல், வெளிறிய முகம், எதற்கெடுத்தாலும் சிணுங்கல். பூச்சி மருந்தும் இரும்புச்சத்து டானிக்கும் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. இரத்தத்தில் காரீயம் (லெட் என்ற விஷ உலோகம்) இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றால், "நாங்க என்ன ஃபேக்டரி பக்கமா இருக்கோம் டாக்டர்?" என்கிறார்கள். பொங்கலுக்கு வீட்டில் என்ன வேலை நடந்தது என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வருகிறது: சாப்பிடும் கூடத்தின் ஜன்னலில் இருந்த, காரீயம் கலந்த பழைய மஞ்சள் எனாமலை (எண்ணெய்ப் பெயிண்டை) உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு, ஆரஞ்சு அடித்திருப்பார்கள். அந்தத் தூசி தரையில் கிடக்க, அதே கூடத்தில் அன்று இரவு எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள்.

அடுத்து வரும் பதில்தான் என் பொறுமையைச் சோதிக்கிறது. "அது இருபது வருஷத்துப் பெயிண்ட், எப்பவோ காஞ்சு வாசனைகூடப் போயிடுச்சே!" தயவுசெய்து இதைக் கேளுங்கள். வாசனை தின்னருடையது, அது ஆவியாகிப் போய்விடும். காரீயம் ஓர் உலோகம். அதற்கு வாசனையும் இல்லை, ஆவியாகிப் போவதும் இல்லை. அடித்த அன்று படலத்தில் எவ்வளவு இருந்ததோ, அவ்வளவும் இன்றும் இருக்கிறது. நாளாக ஆக ஆபத்து கூடத்தான் செய்யும், ஏனென்றால் படலம் பொடியத் தொடங்கும். பழைய ஜன்னல் சட்டத்தில் கதவு வந்து உரசும் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். மஞ்சள் மாவு ஒட்டும். வாசனை போனால் விஷம் போனதாக நினைக்காதீர்கள்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனாமல்களில் காரீயம் அதிகம் இருப்பதற்குக் காரணம் காரீய குரோமேட் என்ற நிறமி. பளிச்சென்று இருக்கும், விலையும் குறைவு. சில வியாபாரிகள் மஞ்சள்தூளில் கலந்து மாட்டிக்கொள்வதும் இதே சரக்குதான். பச்சை எனாமலையும் நம்ப வேண்டாம், பலவற்றில் இந்த மஞ்சளோடு நீலம் சேர்த்திருப்பார்கள். ஆனால் சுவரில் அடிக்கும் எமல்ஷனைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை; சிக்கல் பெரும்பாலும் கதவு, ஜன்னல், கிரில், ஊஞ்சல், ஸ்டூல் ஆகியவற்றில் ஏறிய எண்ணெய்ப் பெயிண்டில்தான். ரெட் ஆக்சைடு தரையின் சிவப்பும் காவியின் நிறமும் இரும்பிலிருந்து வருபவை, அவற்றால் இந்தத் தொல்லை இல்லை.

நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் காரீயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் எதுவானாலும் காரீயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். புதிது வாங்கும்போது டப்பாவில் அந்த அளவு அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். தொழிற்சாலை உபயோகப் பெயிண்ட் மலிவாகக் கிடைக்கிறதென்று கட்டிலுக்கும் நாற்காலிக்கும் அடிக்காதீர்கள்.

பழைய படலம் உரியாமல் இறுக்கமாக இருந்தால் சுரண்டவே வேண்டாம். கழுவித் துடைத்து அதன்மேலேயே புதிதாக அடியுங்கள். உரிந்துவிட்டதா? அப்படியானால் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்), ஸ்பிரே பாட்டில், கீழே பிளாஸ்டிக் விரிப்பு. பெயிண்டர் முகத்தில் கைக்குட்டை கட்டினால் போதாது, என்-95 மாஸ்க்காவது வேண்டும். ப்ளோ லேம்ப் (தீ கக்கும் விளக்கு) போட்டு உரிக்க விடாதீர்கள், சூட்டில் காரீயம் புகையாகக் கிளம்பும். துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. சாதாரண வேக்குவம் கிளீனர் தூசியை அறை முழுக்கப் பரப்பிவிடும். சோப்புத் தண்ணீரில் துணி நனைத்து இரண்டு முறை துடைத்து, அந்தத் தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றுங்கள். வேலை முடிந்து துடைக்கும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. கழற்றிய ஜன்னல் கட்டையைப் போகியில் போட்டு எரிப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா? அந்தப் புகை உங்கள் வாசலோடு நிற்பதில்லை.

சாப்பாட்டு மேசைக்கு வருவோம். உட்புறம் ஆரஞ்சும் சிவப்புமாக வண்ணம் பூசிய அலங்காரப் பீங்கான் கிண்ணத்தில் ரசம், புளிக்குழம்பு, ஊறுகாய் வைக்காதீர்கள். புளிப்பு அந்த வண்ணத்திலுள்ள காரீயத்தையும் காட்மியம் என்ற இன்னொரு விஷ உலோகத்தையும் கரைத்து எடுக்கும். வாய் படும் விளிம்பில் படம் போட்ட கண்ணாடி டம்ளரும் வேண்டாம். ரசத்துக்கு ஈயச்சொம்பு வாங்குபவர்கள் சுத்த வெள்ளீயம் என்று நம்பிக்கையான கடையில் கேட்டு வாங்குங்கள், காரீயம் கலந்தது விலை குறைவாகத்தான் வரும்.

தவழும் குழந்தை தரையில் சிந்திய பருக்கையைத் தூசியோடு எடுத்து வாயில் போடும். உள்ளே போகும் காரீயத்தில் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதன் உடம்பில் ஏறும். வயிறு காலியாக இருந்தாலோ, இரும்புச்சத்து குறைந்திருந்தாலோ இன்னும் அதிகம். அதனால் வேளாவேளைக்குச் சாப்பாடு, கீரை, கேழ்வரகு, முட்டை, ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுதல்.

சந்தேகம் இருந்தால் உங்கள் குழந்தை மருத்துவரிடம் சொல்லி, நரம்பிலிருந்து இரத்தம் எடுத்துக் காரீய அளவு பாருங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே காரீயம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 45-க்குக் கீழே பொதுவாகக் காரீயத்தை வெளியேற்றும் மருந்து கொடுப்பதில்லை. அந்த ஜன்னலைச் சரிசெய்துவிட்டு, ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி இரத்தம் பார்க்க அழைத்து வாருங்கள்.