அப்போகலிப்ஸ்: முக்காடு விலகும்போது

ஊட்டிப் பக்கம் போகிறவர்கள் தைல மரத்தின் மொட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். பம்பரம் போன்ற சிறு மொட்டு. அதன் தலையில் குல்லா கவிழ்த்ததுபோல் கெட்டியான ஒரு மூடி. பூக்கும் வேளையில் அந்த மூடி கழன்று விழும். உள்ளே சுருண்டு கிடந்த வெள்ளை இழைகள் குஞ்சம்போல் விரியும். இந்த மூடியை வைத்துத்தான் 1788-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே அதற்கு யூகலிப்டஸ் என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் ‘யூ’ என்றால் நன்றாக, ‘கலிப்தோஸ்’ என்றால் மூடப்பட்டது.

அப்போகலிப்ஸ் அதே குடும்பத்துச் சொல். ‘கலிப்தோ’ மூடுவது; முன்னால் நிற்கும் ‘அப்போ’ விலக்குவது. அப்போகலிப்சிஸ் என்றால் மூடியிருப்பதை அகற்றிக் காட்டுதல், அதாவது அந்த மூடி கழன்று விழுகிற கணம். சொல்லுக்குள் நெருப்பும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை.

பிறகு அழிவு என்ற பொருள் எப்படி ஏறியது? விவிலியத்தின் கடைசி நூல் கிரேக்க மூலத்தில் இந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது: ‘இயேசு கிறிஸ்துவின் அப்போகலிப்சிஸ்’. நூல் முழுவதிலும் அந்தச் சொல் வருவது அந்த ஓரிடத்தில் மட்டுமே. முதற்சொல் நூலின் பெயராயிற்று; நூலில் வரும் வாதைகளும் எக்காளங்களும் வாசகர் மனதில் பதிந்து, பெயரின் பொருளையே மாற்றிவிட்டன. இன்று வெள்ளம் வந்தாலும் போர் மூண்டாலும் ‘அப்போகலிப்ஸ்’ என்று செய்தியில் எழுதுகிறார்கள். அந்த இடத்துக்குப் பேரழிவு என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது, அதுவே போதும். ஊழி என்று எழுதுவோரும் உண்டு. ‘ஊழி பெயரினும்’ என்று குறள் சொல்லும் ஊழி, யுகம் மாறுவதைக் குறிப்பது. அழகான சொல்தான், ஆனால் அந்த விவிலிய நூலை எழுதிய யோவான் எழுதியது அதுவல்ல.

நூலுக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் நிலைத்திருக்கின்றன. சீர்திருத்தத் திருச்சபைகளில் ‘வெளிப்படுத்தின விசேஷம்’. கத்தோலிக்கர் வாசிக்கும் 1995 பொது மொழிபெயர்ப்பில் ‘திருவெளிப்பாடு’. விசேஷம் என்றதும் கல்யாணமும் காதுகுத்தும் நினைவுக்கு வரும்; இங்கே அது செய்தி. சுவிசேஷம் நற்செய்தி ஆனதுபோல, இது திறந்து காட்டப்பட்ட செய்தி. இரண்டுமே சரியான பெயர்கள். ஆனால் மூடியிருந்த துணி இரண்டிலும் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது என் குறை. பொருளை முழுதாகச் சொல்ல வேண்டுமானால் ‘திரைநீக்கம்’ என்பேன்.

அந்தத் துணியைப் பழைய மொழிபெயர்ப்பு வேறோரிடத்தில் அருமையாகப் பிடித்திருக்கிறது. விவிலியத்தில் பவுல் எழுதிய கடிதமான 2 கொரிந்தியர் 3-இல் மோசே தன் முகத்தில் போட்டுக்கொள்வது ‘முக்காடு’. கிரேக்கத்தில் ‘கலும்மா’, அதே வேர். 1 கொரிந்தியர் 7:31-க்கு வாருங்கள்: ‘இவ்வுலகத்தின் வேஷம் கடந்துபோகிறதே.’ அங்கே பவுல் எழுதிய சொல் ‘ஸ்கீமா’, புறத்தோற்றம். அதை வேஷம் என்று தமிழாக்கியவரை எண்ணி நான் பலமுறை நன்றி சொல்லியிருக்கிறேன். நிலையாமையைப் பற்றி எவ்வளவோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். இந்த ஒரு சொல் எனக்கு அதற்கெல்லாம் மேல். கூத்து முடிந்து அரிதாரம் கலைத்தவரை விடியலில் பார்த்தவர்களுக்கு இது புரியும். ராஜாவின் கிரீடம் அட்டை என்பது அப்போதுதான் தெரிகிறது; இரவு முழுவதும் அது அட்டையாகத்தான் இருந்தது.

திரைநீக்கம் என்ற பொருளோடு திருவெளிப்பாட்டின் 18-ஆம் அதிகாரத்தை வாசித்தால் அது வேறுமாதிரித் திறக்கிறது. பத்மு தீவிலிருந்து யோவான் ‘பாபிலோன்’ என்று எழுதும்போது கண்முன் இருந்தது ரோமாபுரி. அந்த நகரம் விழுகிறது. வியாபாரிகள் தூரத்தில் நின்று அழுகிறார்கள், வாங்க ஆளில்லையே என்று. இவ்வளவு செல்வமும் போனது ஒரே ‘நாழிகையில்’. மூலத்தில் ‘ஹோரா’, ஒரு மணி நேரம். நம் கணக்கில் நாழிகை 24 நிமிடம்தான், மொழிபெயர்ப்பு இன்னும் சுருக்கிவிட்டது. பிறகு சரக்குப் பட்டியல்: பொன், வெள்ளி, இரத்தினம், முத்து, பட்டு, தந்தம், இலவங்கப்பட்டை என்று 28 வகை எண்ணுவார்கள்.

அந்த முத்தில் நம் கரையும் இருக்கிறது. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் என்ற ரோம நாணயத்தை இழுத்துக்கொள்கிறது என்று ரோமரான பிளினி அதே நூற்றாண்டில் வருந்தி எழுதினார். அக்காலத்துக் கிரேக்க மாலுமி நூலான பெரிப்ளூஸ், பாண்டிய நாட்டுக் கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது. ரோமாபுரியின் சீமாட்டி கழுத்தில் மின்னியதற்குப் பின்னால், மூச்சடக்கி மூழ்கிய ஒரு கைதி இருந்தான். அவளுக்கு அது தெரியாது. பொன்னில் தொடங்கிய யோவானின் பட்டியல் முடிவதும் அங்கேதான்: அடிமைகள், ‘மனுஷருடைய ஆத்துமாக்கள்’. கடைசிச் சரக்கு மனிதன்.

மூன்று அதிகாரம் தள்ளி, 21-இல் அதே பொன்னும் முத்தும் திரும்ப வருகின்றன. புதிய எருசலேமில் பொன் நடக்கிற வீதியாகக் கிடக்கிறது. முத்துகள் பன்னிரண்டும் வாசல்கள், அவை பகலில் அடைக்கப்படுவதில்லை, இரவு அங்கே இல்லை. விற்பவரும் வாங்குபவரும் அந்தப் பக்கத்தில் எங்கும் தென்படவில்லை.